சிவப்பாய் இருந்தால் போதுமா?

பெண் பார்க்கப் போகிற இடத்தில்தான் நிறத்தைக் கண்டு ஏமாறுவார்கள் என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே! மண் வாங்குகிற இடத்திலும் அது உண்டு. வண்டியில் வரும் செம்மண்ணைப் பார்த்ததும், "ஆகா, என்ன நிறம்!" என்று இரண்டு மூட்டை இறக்கி, மாடித் தொட்டியில் கொட்டி, ரோஜாப் பதியன் வைக்கிறோம். ஒரு மாதம் போனால் மண் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடுகிறது. செடியோ, புக்ககத்துக்குப் புதிதாக வந்த பெண்ணைப் போல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

அந்தச் சிவப்பு எதனால் வந்தது, தெரியுமோ? இரும்புத் துருவினால்! கோலத்துக்குக் காவி இடுகிறோமே, அதே சமாசாரந்தான். கோலத்துக்கு அது அழகு. செடிக்குச் சாப்பாடு அல்ல. போதாக்குறைக்கு, வேருக்கு வேண்டிய பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்தை அந்தத் துரு இறுகப் பிடித்துக்கொண்டு லேசில் விடுவதில்லை.

தொட்டியில் நாம் காணும் இந்தக் கஷ்டத்தை ஓர் ஊரே அனுபவித்த கதை உண்டு. புதுவைக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய், பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பி மேடேறினால் குயிலாப்பாளையம். 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி அந்த மேட்டில்தான் ஆரோவில் நகரத்தின் ஆரம்ப விழா நடந்தது. 124 தேசங்களின் மண்ணைப் பிடி பிடியாகக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அத்தனை தேசத்து மண்ணும் வந்து சேர்ந்த அந்த இடத்தில், சொந்த மண் போய்க்கொண்டிருந்தது!

ஒரு காலத்தில் இந்தக் கரையோரத்தில் பசுமை மாறாத காடு இருந்தது. மரங்களை வெட்டினார்கள், மிச்சத்தை ஆடு மாடுகள் மேய்ந்தன. ஐப்பசி, கார்த்திகை மழை வெறுந்தரையில் அறைந்தது. பாலின் மேல் ஆடை படிந்தாற்போல் இருந்த மெல்லிய கறுத்த மண் முதலில் போயிற்று. மக்கிய இலை, தழைச்சத்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் நுண்ணிய பொடி எல்லாம் அந்த ஆடையில்தான் இருக்கின்றன. மிஞ்சிய செம்மண்ணின் மேல் மழைத் துளிகள் அடித்து அடித்து, அப்பளம் போல் ஒரு பொருக்குக் கட்டிவிட்டது. அப்புறம் பெய்த மழை உள்ளே இறங்குமா? பள்ளம் பறித்துக்கொண்டு, கரையோரக் கடலே சிவக்கும்படி ஓடிற்று.

நஷ்டம் மண்ணோடு நிற்பதில்லை. நல்ல தண்ணீர் பூமிக்குள் இறங்காவிட்டால், கடலோரக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் நுழையப் பார்க்கும். மரக்காணத்தில் பாத்தி கட்டி உப்பு நீரை வரவேற்கிறார்கள், அது பிழைப்பு. குடிதண்ணீர்க் கிணற்றுக்கு அது விருந்தாளியாக வந்தால், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது யார்? நாம்தானே!

குயிலாப்பாளையத்து மேட்டில் என்ன செய்தார்கள்? முதலில் ஓடுகிற தண்ணீரை நிறுத்தினார்கள். நிலத்தைச் சுற்றி வரப்பு. ஓடைக்குக் குறுக்கே தடுப்பு. பிறகு, எந்த வறட்சிக்கும் சளைக்காத மரங்கள். அவற்றில் முக்கியமானது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வேல மரம். மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலையைப் போலவே, அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். அது உதிர்த்த இலைகள் மண்ணுக்குப் போர்வையாயின. வெயில் தணிந்தது, மண்புழு வந்தது. அந்த நிழலில் மகிழம், நாவல், கருங்காலி என்று நம் பக்கத்து மரங்களை நட்டார்கள். இன்று அங்கே போனால் காடு!

ஆனாலும் அவசரப்படாதீர்கள். போன மேல்மண்ணில் ஓர் அங்குலம் தானாக உண்டாக, நூற்றுக்கணக்கான வருஷங்கள் பிடிக்கும்.

ஆகவே, உங்கள் செம்மண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் கலந்து, மேலே காய்ந்த இலைகளைப் பரப்பி வையுங்கள். காய்கறித் தோலையும் மக்க வைத்து அதற்கே கொடுங்கள். முக்கியமாக, வாசலில் கூட்டிய சருகுக்கு நெருப்பு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். குயிலாப்பாளையத்து மேட்டில் ஒரு பிடி கறுத்த மண்ணுக்காக ஐம்பது வருஷத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். நாமோ அதை வாசலில் கொளுத்திவிட்டு, கடைக்குப் போய் உர மூட்டை வாங்குகிறோம்!