வாய் திறக்க மறுக்கிறதா?

கொட்டாவி விட்டால் காதருகே 'கிளிக்' என்று சத்தம். முறுக்கு கடித்தால் வலி. காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கிறது. காது வலி என்று மருத்துவரிடம் போனால் காதில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார். அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது, காதுக்குச் சற்று முன்னால் இருக்கும் தாடை மூட்டை.

இந்த மூட்டு கீல் போலச் சுழலும். முன்னோக்கி வழுக்கவும் செய்யும். நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு. அது இடம் பிசகும்போது சத்தம் வருகிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, மன இறுக்கம், அடிபடுவது எல்லாம் இந்த மூட்டையும் அதை இயக்கும் தசைகளையும் பாதிக்கலாம். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. வலி இருந்தாலும் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்கு ஓய்வு ஆகியவற்றிலேயே பெரும்பாலோருக்குக் குணம் தெரியும். பல்லை ராவுவது, அறுவை சிகிச்சை என்று அவசரப்பட வேண்டாம்.

ஆனால் வாய் திறக்க முடியாததற்கெல்லாம் மூட்டே காரணம் அல்ல. பாக்கு மெல்பவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் மெல்ல மெல்லச் சுருங்கும். காரம் பட்டாலே எரியும். மருத்துவர்கள் இதை 'சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்' என்கிறார்கள். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

இதற்குச் சான்று கொச்சியின் தோப்பும்படி அடங்கிய எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்தே கிடைத்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவு, இம்மாவட்டத்தில் இந்த நோய் கண்ட 66 பேரை 17 ஆண்டுக் காலம் கண்காணித்தது. அவர்களில் 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. 1985இல் முடிவுகள் வெளியாயின.

கேரளம் 2012இல் குட்காவைத் தடை செய்தது. ஆனால் புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மென்றால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? பல் மருத்துவரைப் பாருங்கள். பாக்குப் பழக்கம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். இறுகிய சதை பழையபடி ஆவது கடினம். பாக்கை இன்றே விட்டால் மேலும் இறுகாமல் தடுக்க வழி உண்டு.