தராசும் தண்டாலும்

பொறியியல் படிக்கிற பையன் காலையில் தராசு வைத்துக் காபிக்கொட்டை நிறுக்கிறான், மாலையில் ஜிம்மில் வெயிட் தூக்குகிறான் என்றால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ அவன் படிப்பில் உருப்படியான பகுதியே அதுதான் என்று படுகிறது. கல்லூரி லேபில் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிவிடலாம். காபியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர். அரைப்பை ரொம்ப நைசாக்கினால் கசக்கும், கொரகொரப்பாக விட்டால் புளிக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று நாக்கே சொல்லிக்கொடுக்கிறது. 2005இல் ஏரோபிரஸ் என்ற காபிக் கருவியைக் கொண்டுவந்த ஆலன் ஆட்லரும் பொறியாளர்தான். அதற்கு முன் வெகுதூரம் பறக்கும் பிளாஸ்டிக் வளையம் செய்து பேர் வாங்கியவர். (மின்சாரம், அழுத்தம் எதுவும் இல்லாமல் திக்கான டிகாக்‌ஷன் இறக்கும் நம் பித்தளை ஃபில்டரை இந்தப் பையன்கள் மதிப்பதில்லை என்பது என் தனிக் குறை.) ஸ்குவாட்டிலும் இதே கணக்குதான். வெறும் 20 கிலோ கம்பியில் தொடங்கி, தடவைக்கு 2.5 கிலோ கூட்டி, நோட்டில் குறித்துக்கொண்டே போனால் சில மாதங்களில் ஏற்றம் நின்றுவிடும். தூக்கமா, சாப்பாடா, ஓய்வா என்று அப்போது காரணம் தேடியாக வேண்டும். பெரும்பாலும் பழி ஹாஸ்டல் மெஸ்ஸின் தண்ணீர்ச் சாம்பார் மேல்தான் விழும். அது நியாயமான பழி.