விருதை வெட்டிய ஊரிலிருந்து: 2024 தமிழ்ப் பட விருதுகள்

விருதுநகரின் பழைய பெயர் விருதுப்பட்டி. அதற்கும் முந்தைய பெயர் 'விருதுகள்வெட்டி' என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஊர் ஊராகப் போய் எல்லோரையும் ஜெயித்து, வாங்கிய விருதுகளை எல்லாம் சுமந்துகொண்டு ஒரு வீரன் இந்தப் பக்கம் வந்தானாம். உள்ளூர்க்காரர் ஒருவர் எதிர்த்து நின்று, அவனையும் அவன் விருதுகளையும் சேர்த்து வெட்டிச் சாய்த்தாராம். 1923-ல் ஊருக்கு விருதுநகர் என்று பெயர் மாறியது. கதை உண்மையோ பொய்யோ, பெயரிலேயே விருதை வைத்திருக்கும் ஊர், விருதோடு வந்தவனைப் பார்த்து 'எங்கே, செஞ்சு காட்டு பாப்போம்' என்று கேட்டிருக்கிறது. சினிமா விருதுகளைப் பார்த்தும் யாராவது அப்படிக் கேட்டால் தேவலை.

நல்ல நடிப்பு என்றால் நம்மூரில் மூன்று அடையாளங்கள். நன்றாக அழ வேண்டும், உடம்பை ஏற்றி இறக்க வேண்டும், நீளமான வசனத்தை ஒரே மூச்சில் பேச வேண்டும். ஆனால் அந்தக் கதாபாத்திரம் சோற்றுக்கு என்ன வேலை செய்கிறது, அந்த வேலை அவர் உடம்பில் தெரிகிறதா என்று நடுவர்கள் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. கையைப் பார்த்தால் போதும். பட்டாசு ஆலையில் மருந்து அடைப்பவர் கையில் ஏறிய அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் ஒரு குளியலில் போகாது. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிப் பழகிய அக்கா ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொண்டே அடுக்குவார், கண் அந்தப் பக்கமே போகாது. இப்படிப்பட்டவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் தியேட்டரில், மெக்கானிக்காக வரும் ஹீரோ ஸ்பேனரைப் பூங்கொத்து மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். பழகிவிட்டது!

எனவே இந்தப் பட்டியலுக்கு ஒரே ஒரு விதி: வேலை தெரிந்த உடம்பு திரையில் இருக்கிறதா? வசூலுக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. அது வேறு லெட்ஜர்.

சிறந்த படம்: வாழை

ஆகஸ்ட் 23 அன்று வெளியான மாரி செல்வராஜின் படம். பள்ளி இல்லாத நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவன் சிவனணைந்தானின் கதை. சிறுவனாக நடித்த பொன்வேல், தார் தலையில் ஏறும்போது கழுத்தைச் சுருக்குகிற சுருக்கலை எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லித்தர முடியாது. நாளைக்கும் சுமக்கப் போக வேண்டும் என்கிற பயம் ராத்திரியே அவன் முகத்தில் வந்துவிடுகிறது.

பலரும் இந்தப் படத்தின் கடைசி இருபது நிமிடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அதற்கு முன்னால் வரும் கூலிப் பேச்சுவார்த்தைதான் படத்தின் அச்சாணி. தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். வியாபாரி கடைசியில் சம்மதிக்கிறார். ஆனால் அந்த ஒரு ரூபாயை வேறொரு செலவில் பிடித்துவிடுகிறார். ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போ என்கிறார். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இதைச் செலவுக் குறைப்பு என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படிக்கலாம். படத்தில் அந்த லாரி கவிழ்கிறது.

இந்தப் பகுதிக்கு இது வேற்றூர்க் கதை இல்லை. விடியும் முன் கிராமம் கிராமமாக வண்டி வந்து குழந்தைகளைத் தீப்பெட்டி ஆலைக்கு அள்ளிக்கொண்டு போன காலம் இங்கே இருந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வண்டியில் போன குழந்தைகள் இன்று அம்மா, அப்பாவாக இருக்கிறார்கள். வாழையைப் பார்த்து அவர்கள் அழுதால் அது இரக்கம் மட்டும் இல்லை, ஞாபகமும்தான்.

சிறந்த நடிகர்: தினேஷ் (லப்பர் பந்து)

போட்டி கடுமை. மெய்யழகனில் அரவிந்த்சாமி, கொட்டுக்காளியில் தொண்டை கட்டிய குரலோடு வரும் சூரி, இருவரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இருந்தாலும் தமிழரசன் பச்சமுத்துவின் படத்தில் 'கெத்து'வாக வந்த தினேஷுக்கே விருது. கல்யாண வயதில் மகள் இருக்கிறாள், மனைவிக்கு கிரிக்கெட் என்றாலே ஆகாது, ஆனால் மட்டையைக் கையில் எடுத்ததும் தோள் தானாக நிமிர்கிறது. டென்னிஸ் பால், ரப்பர் பால் மேட்ச் நடக்கும் எந்தக் கண்மாய்க் கரையிலும் இந்த மனிதரைப் பார்க்கலாம். அவர் ஜெயிக்கும் காட்சிகளை விட, ஆடப் போனது வீட்டில் தெரியக்கூடாது என்று திருட்டு முழி முழிக்கும் காட்சிகள் இன்னும் கலக்கல்.

சிறந்த நடிகை: ஊர்வசி (ஜே பேபி)

இங்கேதான் சண்டை வரும். அமரனில் சாய் பல்லவிக்கு ஏன் இல்லை என்று கேட்பார்கள். அவர் நடிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே கதை, இசை, உண்மைச் சம்பவத்தின் கனம் எல்லாம் அவருக்கு முட்டுக்கொடுக்கின்றன. சுரேஷ் மாரியின் ஜே பேபியில் ஊர்வசிக்கு அப்படி எந்த முட்டும் இல்லை. பிள்ளைகளை வளர்த்து ஓய்ந்து, மனம் கலங்கி, சொல்லாமல் கொள்ளாமல் கொல்கத்தா வரை போய்விடும் ஒரு தாய். ஒரு நிமிடம் சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிடம் எரிச்சல் வருகிறது. இந்தம்மா வீட்டில் இருந்தால் சமாளிக்க முடியாது என்று பார்ப்பவருக்கே தோன்றுகிறது. பரிதாபம் கேட்டு வாங்காமல் ஒரு தாயை இப்படிக் காட்டுவதற்குத் தைரியம் வேண்டும்.

சிறந்த துணை நடிகர்: சேத்தன் (ஜமா)

பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்த தெருக்கூத்துப் படம். பெண் வேஷம் கட்டும் ஒருவன் அர்ஜுனன் வேஷத்துக்கு ஏங்குகிறான். அதைத் தராமல் இழுத்தடிக்கும் வாத்தியார் தாண்டவமாக சேத்தன். கெட்டவர்தான், ஆனால் தொழில் தெரிந்த கெட்டவர். அந்த இரண்டும் சேரும்போதுதான் வில்லனை வெறுக்க முடியாமல் போகிறது.

சிறந்த படத்தொகுப்பு: பிலோமின் ராஜ் (மகாராஜா)

விளக்கம் தேவையில்லை. காலத்தைக் கலைத்துப் போட்டும் யாரும் வழி தவறவில்லை.

சிறந்த ஒலி: கொட்டுக்காளி

பி.எஸ். வினோத்ராஜ் படம் முழுக்கப் பின்னணி இசையே வைக்கவில்லை. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், சொந்தக்காரர்களின் வாய். அதற்கு நடுவில் பிடிவாதமாக வாய் திறக்காத மீனாவாக அன்னா பென். ஏறக்குறைய வசனமே இல்லாத பெண்ணின் பேச்சுதான் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு பக்கம் கங்குவா. வெளியான கையோடு தியேட்டர்களில் ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே கேட்க வேண்டியதாயிற்று. வெடிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர்களுக்கே காது வலித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள் :-)

கொடுக்கப்படாத விருது

பட்டாசுத் தொழிலாளியாக நடித்தவருக்கு என்று ஒரு விருது இந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். 2024-ல் வந்த பெரிய படங்களில் அப்படி ஒரு நாயகனோ நாயகியோ இல்லை.

அந்த வருடம் பிப்ரவரி 17-ல் வெம்பக்கோட்டை அருகே ஆலை வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். மே மாதம் செங்கமலப்பட்டியில் இன்னொரு விபத்து. நிவாரணம் அறிவித்தார்கள், விசாரணை என்றார்கள், செய்தி ஓய்ந்தது. வெடித்தால் மட்டும்தான் இந்தத் தொழிலாளிக்கு கேமரா திரும்புகிறது. வெடிக்காத நாட்களில் அவர் என்ன செய்கிறார்? மூன்றாவது விரலால் எவ்வளவு மருந்து எடுக்கிறார், அறையில் இடம் இல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து ஏன் வேலை பார்க்கிறார், பீஸ் ரேட்டுக்காக எந்த விதியைக் கண்டும் காணாமல் விடுகிறார், மழை வந்தால் அடுப்புக்கு என்ன வழி? இவ்வளவும் கதைதான்.

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. சலம் பென்னூர்கர் 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் எடுத்தார். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006-ல் 'வெயில்' எடுத்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கினார். அதில் தியேட்டர் ஆபரேட்டராக பசுபதியின் உடம்பே வேலை பேசியது. 2005-ல் 'சிவகாசி' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. ஹீரோ பெயர் சிவகாசி, அவ்வளவுதான். ஊர் டைட்டிலோடு நின்றுவிட்டது.

வேலை செய்து களைத்து வருகிறவனுக்குப் பொழுதுபோக்குதான் வேண்டும், அவன் வேலையை அவனுக்கே காட்டி என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டாசுத் தொழிலாளியும் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய் விசில் அடிப்பவர்தான், அதில் தப்பே இல்லை. ஆனால் இந்தப் படத்தை எடுக்கச் சொல்வது அவருக்காக மட்டும் அல்ல. 2024 தீபாவளிக்கு அமரன், பிரதர், பிளடி பெக்கர் மூன்றும் வந்தன. தியேட்டர் வாசலில் கட் அவுட்டுக்குக் கீழே வெடித்த வெடியில் பெரும்பங்கு இந்தப் பக்கத்துக் கைகள் செய்தது. உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் அந்தக் கைகளைத் திரையில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், அவை உயிரோடு இருக்கும்போதே.

பின்குறிப்பு: வென்றவர்களுக்குக் கேடயம் கிடையாது. சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ, விருதுநகர் எண்ணெய் பரோட்டா வயிறு கொள்ளும் மட்டும். கொடுக்கப்படாத விருதுக்கு உரிய கிஃப்ட் பாக்ஸ் மட்டும் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. இயக்குநர்கள் யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாம்.