முதல் மோட்டார் சைக்கிள்: கோட்டக்குப்பம் சகோதரிக்கு ஒரு விடை



கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியுள்ளார். கணவர் கடல் கடந்து பொருளீட்டி வருகிறார். மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, காலாப்பட்டில் கல்லூரி சேரவிருக்கிறான். மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்தாலன்றிக் கல்லூரிக்குப் போவதில்லை என்பது அவன் பிடிவாதம். தந்தையிடம் தொலைபேசியில் பேசி இசைவும் பெற்றுவிட்டான். பணமும் வந்து சேர்ந்துவிட்டது. அவன் மனத்தில் இருப்பது புல்லட். அது இல்லையேல், யாரோ புதுப்பித்து விற்கும் பழைய ஆர்.எக்ஸ். 100. "இரண்டில் எதை வாங்கலாம்? எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டில் கேட்பதற்கு ஆண்பிள்ளையும் இல்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. தந்தை தொலைவில் இருக்கும் வீடுகள் பலவற்றில், மகன் வாய்திறந்து கேட்கும் முதற் பெரும்பொருள் மோட்டார் சைக்கிளாகவே இருக்கிறது. அருகிலிருந்து வளர்க்க முடியவில்லையே என்னும் ஏக்கத்தில் தந்தையும் மறுப்பதில்லை. ஆகவே சகோதரிக்குத் தனியே எழுதாமல் இப்பக்கத்திலேயே விடை கூறுகிறேன்.

சகோதரி, உங்கள் மகனுக்கு வயது என்ன? கடிதத்தில் அதைக் காணோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் பலர்க்குப் பதினேழுதான் நிறைந்திருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிறையாதவர் கியர் வண்டி ஓட்ட இயலாது. பதினாறு நிறைந்தவர்க்கு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டுமே உண்டு. "எக்ஸ்.எல். சின்ன வண்டிதானே" என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 100 சி.சி.; அதுவும் இச்சலுகைக்குள் வராது.

2019இல் இச்சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வயது நிறையாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் நீக்கப்படும். அப்பிள்ளை இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற இயலாது. வண்டி தாயின் பெயரில் இருந்தால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கணவரோ ஊரில் இல்லை. ஆதலால் வயது நிறையும் நாள் வரை அந்தப் பணம் வங்கியிலேயே கிடக்கட்டும். கோட்டக்குப்பத்திலிருந்து காலாப்பட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் கூட இல்லை; பேருந்து இருக்கிறது.

இனி வண்டிக்கு வருவோம்.

புல்லட்டை நான் குறை கூற மாட்டேன். சென்னைத் திருவொற்றியூரில் 1950களிலிருந்து செய்யப்பட்டு, இராணுவத்தாரும் காவல் துறையினரும் ஏறிய வண்டி அது. அதன் ஓசைக்கு மயங்காத இளைஞர் அரியர். ஆனால் எடையை மட்டும் கேளுங்கள். இன்றைய 350 சி.சி. புல்லட் ஏறத்தாழ 195 கிலோ. நான்கு சிமெண்டு மூட்டைகளின் கனம். 100 சி.சி. ஸ்பிளெண்டர் 112 கிலோ அளவில் நின்றுவிடுகிறது. 2023இல் வந்த ஷைன் 100 நூறு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கையில் இந்த வேற்றுமை அவ்வளவாகத் தெரியாது. தெருமுனையில் திருப்பும்போதும், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், மணலில் கால் ஊன்றும்போதுமே தெரியும். புதிதாகப் பழகுவோர் விழுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான். கோட்டக்குப்பத்தின் கடற்கரைப் பக்கத் தெருக்களில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிய 195 கிலோவை மெலிந்த பதினெட்டு வயதுப் பிள்ளையால் தாங்கிப் பிடிக்க முடியுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபின், விலையும் கைக்கு எட்டுவதாகத் தோன்றுகிறது. எடை குறையவில்லை.

ஆர்.எக்ஸ். 100 கதை வேறு. எடையில் அது இலேசானது, சிக்கல் வேகத்தில். 98 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 11 குதிரைத்திறன். அதே அளவுள்ள ஸ்பிளெண்டருக்கு எட்டுதான். அதிலும் இந்த ஆற்றல் சீராக வருவதில்லை. குறைந்த சுழற்சியில் சாதுவாக இருக்கும். ஆக்சிலேட்டரை மேலும் முறுக்கினால் திடீரென ஒரு பாய்ச்சல் பாயும். பழகியவர்க்கு அதுவே இன்பம்; பழகாதவர்க்கு அதுவே ஆபத்து. இவ்வண்டியின் உற்பத்தி 1996இல் நின்றுபோயிற்று. அப்படியானால் சந்தையில் கிடைக்கும் மிக இளைய ஆர்.எக்ஸ். 100 கூட உங்கள் மகனைவிடப் பத்தாண்டுக்கு மேல் மூத்தது! டாங்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம். முன்னும் பின்னும் உள்ள டிரம் பிரேக்குகள் பழைய காலத்தவையே.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. 1980களின் இறுதியில் நான் வாங்கிய முதல் வண்டியும் பழையதுதான். அதன் பெயர் எதற்கு? பிழை என்னுடையது. நண்பரின் வண்டியில் இடக்காலால் கியர் மாற்றி, வலக்காலால் பிரேக் பிடித்துப் பழகியவன் நான். வாங்கிய வண்டியிலோ அக்கால வழக்கப்படி கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். இரண்டு நாளில் கை வந்துவிட்டது என்று எண்ணி, மரக்காணம் உப்பளங்களைப் பார்க்கப் புறப்பட்டேன். வளைவொன்றில் எதிரே மாட்டு வண்டி. பதற்றத்தில் வலக்காலை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை, கியர் மாறியது. சவுக்குத் தோப்பு என்னைத் தாங்கிக்கொண்டது. இடக்கை மணிக்கட்டு இன்றும் மழைக்காலத்தில் அதை நினைவூட்டுகிறது. பதறும் வேளையில் மூளை கட்டளையிடுவதில்லை. பழகிய கால்தான் கட்டளையிடும். ஆதலால் எந்த வண்டியில் பழகுகிறானோ அதே அமைப்புள்ள வண்டியையே வாங்க வேண்டும். கியர் முறை கூட வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் எல்லாக் கியரும் ஒரே பக்கம் விழும். சிலவற்றில் முதற் கியர் கீழே, மற்றவை மேலே.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் நிறத்தைப் பற்றிப் பேசுமளவுக்கு இதைப் பேசமாட்டார். வண்டி நிற்கத் தொடங்கும்போது கனத்தின் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. எனவே நிறுத்தும் வலிமை பெரிதும் முன் பிரேக்கிலேயே உள்ளது. ஆனால் பழகுநர்க்கு முன் பிரேக் என்றால் அச்சம். காலால் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பர். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், வண்டி நிற்காது. மாறாக, மணலில் வளைந்து செல்லும்போது முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். இவ்விரு பிழைகளுக்கும் ஓரளவு பரிகாரமாக, 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு ஒரு கட்டாயம் வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.; 125 வரை உள்ளவற்றில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரத்திலும் பிடிக்கும் சி.பி.எஸ். ஆகவே பழைய வண்டி வாங்குவதாயினும் அவ்வாண்டுக்குப் பின் வந்ததாகப் பார்ப்பது நலம். கருவி இருக்கிறதென்று பயிற்சியை விட்டுவிடலாகாது. திறந்த வெளியில் இரு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்து, குறித்த கோட்டில் நிறுத்திப் பழகச் சொல்லுங்கள்.

பழைய வண்டி என்றதும் உங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். தெற்கே நடந்தால் முத்தியால்பேட்டை, புதுச்சேரி ஒன்றியப் பகுதி. விற்பனைக்கு வரும் வண்டிகளில் பி.ஒய். 01 எண்ணும் இருக்கும், திண்டிவனத்தின் டி.என். 16, விழுப்புரத்தின் டி.என். 32 எண்களும் இருக்கும். புதுச்சேரி எண் விலை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே வரியும் செலுத்த வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தபின் மலிவா என்று முடிவு செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் மாற்றத்தை நாளைக்கு என்று தள்ளிப் போடலாகாது. விற்றுவிட்டேன் என்று சொன்னாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கடற்காற்றையும் மறவாதீர்கள்! டாங்கின் அடிப்புறம், சைலன்சர், சக்கரக் கம்பிகள், செயின் ஆகியவற்றில் உப்புத் துரு மறைந்திருக்கும். மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, வண்டியைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

உரிமத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பெற்ற லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும்; முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் பெறலாம். அதுவரை கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றுதல் கூடாது. தோழர்களுக்கு இது கசக்கும். தங்கை இருந்தால் அவளுக்கும் கியரில்லா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். தம்மையே ஓட்டிச் செல்லும் தாயும் மகளும் இருக்கும் வீட்டில் ஆண் துணை இல்லையே என்னும் கவலை பாதியாகக் குறையும்.

தலைக்கவசத்துக்குத் தனியே பணம் ஒதுக்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்பது 2021 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் சாலையோரத்தில் பிளாஸ்டிக் தொப்பிகள் தொங்கத்தான் செய்கின்றன. பின்னால் அமர்பவர்க்கும் ஒன்று வேண்டும். வார இறுதியில் சென்னையிலிருந்து வரும் கார்கள் உங்கள் ஊரைக் கடக்கும் வேகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சரி, எதை வாங்குவது? 100 முதல் 125 சி.சி. வரை உள்ள, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட, 110 கிலோ அளவிலான ஏதேனும் ஒன்று. ஸ்பிளெண்டரோ, ஷைனோ, வேறொன்றோ, நிறுவனத்தின் பெயர் எனக்குப் பெரிதன்று. உங்கள் ஊரிலேயே பழுது பார்ப்பவர் இருக்க வேண்டும்; உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும். ஈராண்டு ஓட்டியபின் அவனே சம்பாதித்துப் புல்லட் வாங்கட்டும். அப்போது நானும் வந்து பின்னால் ஏறிக்கொள்கிறேன்.

பதினெட்டு நிறைந்தபின் மகனை அழைத்துக்கொண்டு நீங்களே கடைக்குச் செல்லுங்கள். அவன் விரும்பும் புல்லட்டில் முதலில் உட்காரச் சொல்லுங்கள். இரு குதிகாலும் தரையில் படுகின்றனவா என்று பாருங்கள். பிறகு இறங்கி நின்று, யார் துணையுமின்றி வண்டியைப் பத்தடி பின்னோக்கித் தள்ளி, சென்டர் ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். அதன்பின் 100 சி.சி. வண்டியிலும் இதையே செய்யட்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். என்ன நடந்தது என்பதை எனக்கு எழுதுங்கள்.