வலைக்குத் தப்பிய விரிகுடா, காலுக்குத் தப்புமா?

ஹவாயின் ஓவாஹு தீவில் உள்ள ஹனவ்மா விரிகுடாவுக்குள் நுழைய வெளியூர்க்காரர் ஒருவர் 25 டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். பணம் இருந்தால் மட்டும் போதாது. இரண்டு நாள் முன்னதாகக் காலை 7 மணிக்கு இணையத்தில் முன்பதிவு திறக்கும். பரபரப்பான நாள்களில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். டிக்கெட் கிடைத்தவர்களும் நேராக மணலுக்கு ஓடிவிட முடியாது. ஒன்பது நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்த பிறகுதான் கீழே இறங்க அனுமதி. திங்களும் செவ்வாயும் வாசல் திறக்காது. குளிக்கப் போகிற இடத்தில் இவ்வளவு கெடுபிடியா என்று சுற்றுலாப் பயணிகள் முணுமுணுக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கெடுபிடி முப்பது ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

எரிமலை வாய் ஒன்றின் ஒருபக்கச் சுவரை உடைத்துக்கொண்டு கடல் உள்ளே புகுந்ததால் உருவான இடம் இது. மூன்று பக்கமும் சரிவு, நடுவில் வளைந்து கிடக்கும் அமைதியான நீர், கரையை ஒட்டியே பவளப்பாறை. நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்கூட இடுப்பளவு நீரில் நின்று மீன் பார்க்கலாம். வினையே அதுதான். 1950களில் கலிபோர்னியாவிலிருந்து வந்த தொலைபேசிக் கேபிளைக் கரையேற்றுவதற்காக இங்கே பாறைக்கு வெடி வைத்தார்கள். 1961இல் எல்விஸ் பிரெஸ்லியின் ‘ப்ளூ ஹவாய்’ படம் இந்தக் கரையை உலகத்துக்கே காட்டியது. மீன்வளம் குன்றிப்போயிருந்த நிலையில் 1967இல் இதைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக மாநில அரசு அறிவித்தது. ஹவாயில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. மீன்பிடிப்பு நின்றது, மீன்கள் திரும்பின.

மீன்கள் திரும்பிய செய்தி ஊரெல்லாம் பரவியதும் மனிதர்களும் வந்தார்கள். 1980களின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர். பாதுகாப்பு என்ற முத்திரையே விளம்பரமாகிவிட்டது. வந்தவர்கள் உறைந்த பட்டாணியும் ரொட்டித் துண்டும் வீசினார்கள். கையிலிருந்து கொத்தித் தின்னும் மீன், படம் எடுக்க வசதிதானே! விளைவு, முரட்டு மீன்கள் பெருகி மற்றவற்றை விரட்டின, பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைக்க வேண்டிய மீன்கள் இலவசச் சாப்பாட்டுக்குப் பழகின, தண்ணீர் கலங்கியது. இரை போடுவதற்கு முழுத் தடை வர 1999 ஆகிவிட்டது.

இரையைவிடப் பெரிய சேதம் பாதத்தால் வருகிறது. நீரில் மிதந்தபடி கீழே பார்க்க உதவும், மூச்சுக்குழாயோடு கூடிய ஸ்நோர்க்கல் முகமூடியை முதன்முதலாக மாட்டுபவரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் கசிகிறது, மூக்கில் உப்பு ஏறுகிறது, பதற்றத்தில் கால் தரையைத் தேடுகிறது. தட்டுப்படுவது வெறும் கல் என்றே அவர் நினைக்கிறார். அந்தக் கல்லின் மேல் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும் பவள உயிரிகள், கீழே சுண்ணாம்புக் கூட்டுக்கும் மேலே குதிகாலுக்கும் நடுவில் நசுங்குகின்றன. மேடுபோல் உருண்டு வளரும் பவள வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அவர் கெட்ட மனிதர் அல்ல. முகமூடியைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவார். அடுத்து இன்னொருவர் அதே இடத்தில் நிற்பார். தனி மனிதரின் ஒழுங்கை நம்பி இதைத் தடுக்க முடியாது. எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதே கேள்வி.

நிர்வாகம் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. 1990 முதல் சுற்றுலாப் பேருந்துகளைக் கட்டுப்படுத்தினார்கள். வண்டி நிறுத்துமிடம் நிறைந்ததும் வாசலை மூடினார்கள். பிறகு கட்டணம் வந்தது. 2002இல் கல்வி மையம் கட்டிக் காணொளியைக் கட்டாயமாக்கினார்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனாலும் கரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் நாளொன்றுக்குச் சுமார் 3,000 பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காணொளி பார்த்துவிட்டு இறங்கினாலும் 3,000 பேர் 3,000 பேர்தான்.

பெருந்தொற்று வந்து, யாருக்கும் துணிவில்லாத ஒரு சோதனையை நடத்திக் காட்டியது. 2020 மார்ச் முதல் டிசம்பர் தொடக்கம்வரை விரிகுடா மூடிக் கிடந்தது. தண்ணீர் தெளிந்ததை ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஹவாய்க்கே உரிய அரிய கடல்நாய்கள் அடிக்கடி தலைகாட்டின. மீண்டும் திறந்தபோது நாளொன்றுக்கு 720 பேர் என்று வரம்பு கட்டினார்கள். பிறகு அது 1,400 ஆனது. வாரத்துக்கு ஒருநாளாக இருந்த விடுமுறை இரண்டாயிற்று. முப்பது ஆண்டாகப் பேசியும் முடியாததை ஒரு வைரஸ் ஒன்பது மாதத்தில் முடித்துக் கொடுத்தது. நிர்வாகத்துக்கு இது பெருமை சேர்க்கும் செய்தி அல்ல.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழரை டாலர் 12 ஆகி, 2021இல் 25 ஆனது. ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து விமானத்தில் வருபவரை 25 டாலர் தடுத்துவிடாது. கூட்டத்தைக் குறைத்தது விலை அல்ல, எண்ணிக்கை வரம்பு. உள்ளூர்க்காரர்களுக்கும் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டணம் கிடையாது என்பதும், வசூலாகும் பணம் விரிகுடாவுக்கென்றே உள்ள தனி நிதிக்குப் போகிறது என்பதும் நியாயமான ஏற்பாடுகள். நிர்வாகம்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: நீர் மாநில அரசின் பொறுப்பு, மணலும் மேட்டு நிலமும் ஹோனலூலு மாநகர நிர்வாகத்தின் பொறுப்பு. துறைக்குத் துறை எல்லை போடும் வியாதி நமக்கு மட்டும் வாய்த்ததல்ல.

ஆட்களை எண்ணி உள்ளே விடுவதால் எல்லாம் சரியாகிவிடாது. 2015இல் கடல் சூடேறியபோது இங்குள்ள பவளங்களில் கிட்டத்தட்டப் பாதி வெளுத்தது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மடிந்தது. பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு 2018இல் சட்டம் இயற்றி, 2021 முதல் தடை கொண்டுவந்தது ஹவாய். செய்யட்டும், ஆனால் கடல் வெப்பத்தை எந்த வாசலிலும் நிறுத்திவைக்க முடியாது. அதனால்தான் வாசலில் நிறுத்தக்கூடியதையாவது தவறாமல் நிறுத்த வேண்டியிருக்கிறது. கூட்டம் நெருக்குகிறது, வருமானம் குறைகிறது என்று சொல்லி 1,400ஐ 2,000 ஆக்கும் யோசனை என்றாவது வந்தால், அதை ஹோனலூலு மக்கள் எதிர்க்க வேண்டும்.

ஓவாஹுவுக்குப் போகும் வாசகர்கள் கைநீளச் சட்டையோடு நீரில் இறங்கினால் சன்ஸ்கிரீன் தேவை பெருமளவு குறையும். முகமூடியை முதலில் நீச்சல் குளத்தில் மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் மூழ்கி இறப்பதற்கு ஸ்நோர்க்கல் நீச்சல் ஒரு முக்கிய காரணம். கால் ஊன்றத் தோன்றினால் மணல் திட்டைத் தேடி ஊன்றுங்கள். நீந்தவே தெரியாது என்றால், அந்த டிக்கெட்டை இன்னொருவருக்கு விட்டுவிடுங்கள்.