யாருடைய நித்திரைக்கு இந்தப் பாணி?



டார்ம்ஸ்டாட்டில் எங்கட ஆக்களின் வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் கதவுத் தட்டில் ஒரு இருமல் பாணிப் போத்தல் நிற்கும். சென்னைக்குப் போய் வந்த மாமி சூட்கேஸில் கொண்டு வந்தது. ஏன் எண்டு கேட்டால், "இஞ்சத்தை டொக்டர் தேனும் தண்ணியும் குடுங்கோ எண்டு அனுப்பிப் போடுவார், பிள்ளை விடிய விடிய இருமுது" என்பார்கள்.

அந்த டொக்டர் சொல்வதுதான் சரி. ஆனால் அம்மாக்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

2025 செப்டம்பர், ஒக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். குடித்தது கோல்ட்ரிஃப். செய்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கோல் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். பாதிப் போத்தல் தொழிற்சாலைக் கரைப்பான்! அது இனிக்கும், மருந்துக்குரிய கரைப்பானைவிட மலிவு.

இதை விபத்து என்கிறார்கள். 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சு நூறு பேருக்கு மேல் கொன்றது. அடுத்த வருடமே சட்டம் மாறியது. 1986இல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரி. 2020 தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகர். 2022இல் ஹரியானா கம்பனியின் பாணி குடித்துக் காம்பியாவில் 70 குழந்தைகள் வரை. இத்தனை தரம் நடந்தால் அதற்குப் பெயர் விபத்தா? ஸ்ரீசனுக்கு 2011இல் உரிமம் கொடுத்தார்கள். பிள்ளைகள் செத்த பிறகு போய் 350க்கு மேற்பட்ட விதிமீறல்களை எண்ணினார்கள். அதெல்லாம் ஒரே இரவில் முளைத்ததா? முதலாளி கைதானார், உரிமம் ரத்தானது, நல்லது. ஆனால் டெல்லி 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டுவந்து, தரக்குறைவான மருந்து தொடர்பான சில குற்றங்களைப் பணம் கட்டித் தீர்க்க வழி செய்ததே, அதைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிப் படங்களைப் பெருமையாகப் பகிருகிற எங்கட தோழர்களும் இந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

சரி, நல்ல கம்பனிப் பாணி என்றால்? 1668இல் ஒரு மருந்துக் கடையாகத் தொடங்கிய மெர்க் இந்த ஊரில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் அப்போதெக்கவில் விற்கிற பாணியும் சாதாரணத் தடிமன் இருமலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இந்திய சுகாதாரத் துறையே 2025 ஒக்டோபரில் சொல்லிவிட்டது: இரண்டு வயதுக்குள் இருமல், தடிமன் மருந்து எழுதவே வேண்டாம், ஐந்துக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்க முன் தேன் கொஞ்சம் உதவும் (ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது). மூச்சு வேகமானால், நெஞ்சு உள்ளிழுத்தால், உதடு நீலமானால் 112. நள்ளிரவில் சந்தேகம் எண்டால் 116117.

பிறகு ஏன் வாங்குகிறோம்? கோல்ட்ரிஃபில் குளோர்பெனிரமின் என்றொரு பொருளும் இருந்தது. அது நித்திரை தூக்கும். பிள்ளை தூங்கினால்தான் அம்மா தூங்கலாம். அம்மா தூங்கினால்தான் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் கழுவித் துடைக்கப் போகலாம். காய்ச்சல் எண்டால் கிண்டர்கார்டனும் பிள்ளையை எடுக்காது. சட்டப்படி பெற்றோர் ஒருவருக்கு வருடம் பிள்ளைக்கு 15 நாள், தனியே வளர்ப்பவருக்கு 30 நாள், பிள்ளை வருத்தக் காசு உண்டு. மினிஜொப்காரருக்கு அது இல்லை. வீட்டில் நிற்கலாம், சம்பளம் வராமல் போகலாம். எங்கட அக்காமார் எத்தனை பேர் மினிஜொப்பில்?

ஆகவே மாமியிடம் போத்தல் வேண்டாம் என்று சொல்லுங்கோ, கையோடு காரணத்தையும் சொல்லுங்கோ. அதோடு நிற்காமல், மினிஜொப்காரருக்கும் பிள்ளை வருத்தக் காசு என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கோ. தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் நான் எழுதித் தாறன், துப்புரவு வேலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நின்று கொடுக்க ஆக்கள் வேணும்.