மல்லிகைக் கவாத்தைத் தள்ளிப் போடலாமா?

மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய செடிகள் பல தோட்டங்களில் கவாத்து காணாமல் புதராக நிற்கின்றன.

இதற்கு விவசாயிகள் சொல்லும் காரணம் நியாயமற்றதல்ல. பனிக்காலத்தில் பூ வரத்து குறையும். பொங்கலையும் தை முகூர்த்தங்களையும் ஒட்டி மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை ஏறும். அப்போது செடி வெட்டுப்பட்டு நின்றால் அந்தக் காசு கைக்கு வராது. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது பெரிய இழப்பே.

ஆயினும் கணக்கை ஆண்டு முழுவதற்கும் போட்டுப் பார்க்க வேண்டும். பனிக்கால விலை உயர்வுதான். ஆனால் கிடைக்கும் மொட்டு கொஞ்சமே. குடும்பத்தைக் காப்பாற்றுவது பங்குனி முதல் வரும் பெரும் பூப்பே. மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். கவாத்து செய்யாத செடியில் முதிர்ந்த குச்சிகளே சத்தைத் தின்னும். உள்ளே வெளிச்சமும் காற்றும் புகாது. பூச்சிகளுக்கு அதுவே புகலிடம். விடியுமுன் பறிக்க வருபவர்களின் கைக்கு மொட்டும் எட்டாது.

நவம்பர் கடைசி வாரமே ஏற்ற காலம். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கூரிய கத்தரியால் வெட்ட வேண்டும். காய்ந்த, நோயுற்ற, பின்னிக்கிடக்கும் குச்சிகளை அடியோடு நீக்க வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது நல்லது. வெட்டிய கழிவைத் தோட்டத்தில் போட்டுவைக்கக் கூடாது.

கவாத்தோடு உரமும் சேர வேண்டும். செடியொன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் இட்டு மண் அணைத்து நீர் பாய்ச்ச வேண்டும். ரசாயன உரங்களை இதே அளவில் ஜூன், ஜூலையில் மறுமுறை இட வேண்டும்.

தை மாத வருவாயை விட முடியாதவர்கள் தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். ஒரு பாதியை நவம்பரிலும், மறு பாதியைத் தைப் பூ விற்ற பின் ஜனவரி இறுதியிலும் வெட்டலாம். பிந்தி வெட்டிய பாதி சற்றுப் பிந்திப் பூக்கும். அடுத்த ஆண்டு முறையை மாற்றிக் கொள்ளலாம். கவாத்தை இரண்டாகப் பிரிப்பதில் தவறில்லை. அடியோடு கைவிடுவதுதான் நட்டம்.